மண் தந்த செல்வமா? - ‘நல்ல நிலம்’ நாவலும் வாங் லுங்கின் எழுச்சியும்

பேர்ள் பக் எழுதிய ‘நல்ல நிலம்’ என்னும் நாவலின் நடுப்பகுதியிலே ஒரு சிறு நிகழ்ச்சி வருகின்றது. எழுத்தறியாத கமக்காரனாகிய வாங் லுங் தன் புதல்வர் இருவரையும் பள்ளியிலே சேர்க்கின்றான். தானியச் சந்தையில் ஒப்பந்தங்களை வாசிக்க இயலாது பிறர் தயவை நாட நேர்ந்தமையும், அதனால் ஏளனத்துக்கு ஆளானமையும் அவனை அம்முடிவுக்குத் தூண்டுகின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிப் பெயர் வேண்டும். முதிய ஆசிரியர் தந்தையின் தொழிலை விசாரித்தறிந்து, மூத்தவனுக்கு ‘நுங்-என்’ என்றும் இளையவனுக்கு ‘நுங்-வென்’ என்றும் பெயரிடுகின்றார். ‘நுங்’ என்னும் முதற்சொல் மண்ணிலிருந்து செல்வம் பெற்றவனைக் குறிக்கும் என நாவல் விளக்கம் தருகின்றது.

இஃது ஒரு பெயர் மாத்திரமன்று. நாவலைப் பற்றி வாசகர் பலர் கொண்டுள்ள கருத்தின் சுருக்கமுமாகும். சிறு நிலமும் ஓர் எருதும் உடையவனாய்த் தொடங்கிய ஒருவன், உழைப்பினாலும் மண்மீது கொண்ட பற்றினாலும் தன் பிரதேசத்தின் பெரும் நிலவுடைமையாளனாக உயர்கின்றான்; தன் முயற்சியே தன்னை ஆக்கிற்று என்பதற்கு அவன் வாழ்வே சான்று என்றவாறே இந்நாவல் பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஆனால், ஆசிரியர் அப்பெயரைச் சூட்டும் வேளையில் வாங் லுங்கின் நிலத்தின் பெரும்பகுதி விளைச்சலைக் கொண்டு வாங்கப்பட்டதன்று. நகரமொன்றிலே பிறர் வீட்டுச் சுவரிலிருந்து எடுக்கப்பட்ட இரத்தினங்களைக் கொடுத்து அது வாங்கப்பட்டது. அவற்றை எடுத்தவனும் அவனல்லன். எடுத்தவள் அவன் மனைவி. ஆகவே அப்பெயர், இடப்பட்ட நாளிலேயே பிழைபட்ட பெயர். வாங் லுங்கின் செல்வம் எங்கிருந்து வந்தது என்னும் எளிய வினாவை நாவலின் பக்கங்களிடமே கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலும் வரவேற்பும்

‘நல்ல நிலம்’ 1931இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஐக்கிய அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான நாவல் அதுவே. 1932இல் புலிற்சர் பரிசு கிடைத்தது. 1938இல் நாவலாசிரியைக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, சீனக் குடியானவரின் வாழ்வைக் காவியப் பாங்கில் அவர் சித்திரித்தமை சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது. 1892இல் அமெரிக்காவிற் பிறந்த பேர்ள் பக், கிறித்தவ மதப்பணியாளரான பெற்றோருடன் குழந்தைப் பருவத்திலேயே சீனா சென்று, யாங்சி நதிக்கரையிலுள்ள ஜென்ஜியாங் நகரில் வளர்ந்தவர். 1917இல் விவசாயப் பொருளியலாளரான லொசிங் பக்கை மணந்தபின், அன்ஹுவே மாகாணத்தின் வடபகுதியில் அவருடன் வாழ்ந்து, அங்கிருந்த குடியானவரின் வாழ்வை அண்மையில் நின்று கண்டார். நாவலின் முற்பகுதிக்குரிய நிலக்களம் இவ்வனுபவத்தின் விளைவாகும்.

கணவர் அக்காலத்தில் மேற்கொண்ட ஆய்வு 1930இல் ‘சீனப் பண்ணைப் பொருளாதாரம்’ என்ற நூலாக வெளிவந்தது. 2,866 பண்ணைகள் பற்றிய தரவுகளைக் கொண்ட அப்பெரும் ஆய்வு, நில உடைமை உறவுகளிலும் பார்க்கப் பயிர்ச்செய்கை முறைகளின் குறைபாடுகளுக்கே கூடிய முக்கியத்துவம் அளித்தது எனச் சீன அறிஞர் சென் ஹான்-ஷெங் முதலியோர் விமர்சித்தனர். நிலம் எவ்வாறு பயிரிடப்படுகின்றது என்பதைக் கூர்ந்து நோக்குவோர், அது எவ்வாறு கைமாறுகின்றது என்பதை அத்துணை கூர்ந்து நோக்குவதில்லை என்பதே அவ்விமர்சனத்தின் சாரம். மனைவியின் நாவல் இவ்விடயத்தில் கணவரின் ஆய்வைவிட ஒருபடி முன்னே செல்கின்றது என்பது பின்னர் புலப்படும்.

நாவல் வெளியான காலம் அமெரிக்காவின் பொருளாதார மந்தக் காலம். வங்கிகள் முறிந்து, விளைபொருள் விலைகள் வீழ்ந்து, கடனுக்காகப் பண்ணைகள் பறிபோன அந்நாள்களில், எத்தகைய பஞ்சத்திலும் தன் நிலத்தை விற்க மறுக்கும் ஒரு கமக்காரனின் கதை அந்நாட்டு வாசகருக்கு ஆறுதல் அளித்திருத்தல் இயல்பே. மறுபுறத்திலே சீன அறிஞர் சிலர் நாவலைக் கண்டித்தனர். பேராசிரியர் கியாங் காங்-ஹு 1933இல் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, கீழ்நிலை மக்களின் வாழ்வைக் கொண்டு சீனாவை மதிப்பிடலாகாது எனக் குறைகூறியது. மக்களுட் பெரும்பான்மையோரே ஒரு நாட்டின் பிரதிநிதிகள் என்ற கருத்துப்பட நாவலாசிரியை மறுமொழி எழுதினார். இவ்விவாதத்தில் நாவலாசிரியையின் பக்கமே நியாயம் இருந்தது எனலாம். எனினும், வாங் லுங் உண்மையான சீனக் குடியானவனா என்னும் வினாவோடு விவாதம் நின்றுவிட்டது. அவன் எவ்வாறு குடியானவனல்லாத ஒருவனாக மாறினான் என்னும் வினா எழவில்லை.

வயலில் இரண்டாவது மண்வெட்டி

வாங் லுங்கின் திருமண நாளோடு நாவல் தொடங்குகின்றது. ஹுவாங் குடும்பத்தின் பெருவீட்டிலே அடிமையாயிருந்த ஓலானை அழைத்து வருவதற்காக அவன் நகரத்துக்குச் செல்கின்றான். பத்து வயதிலே, பஞ்சம் ஒன்றின்போது, பெற்றோரால் விற்கப்பட்டவள் அவள். அழகற்றவள், கால் கட்டப்படாதவள் என்பதனாலேயே அவள் ஏழைக் கமக்காரனுக்குக் கிடைக்கின்றாள். வீட்டுக்கு வந்த சில காலத்தில், எவரும் கேளாமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் அவனருகே வந்து நிற்கின்றாள். அன்றிலிருந்து அந்நிலத்தில் இரண்டு மண்வெட்டிகள் வேலை செய்கின்றன. இரண்டாவது மகனைப் பெற்ற நாளிலேயே அவள் வயலுக்குத் திரும்பி வந்து அறுவடையில் ஈடுபடுவது நாவலின் மறக்கமுடியாத காட்சிகளுள் ஒன்றாகும்.

நல்விளைவு காரணமாகச் சேர்ந்த வெள்ளி நாணயங்கள் வீட்டுச் சுவரில் ஒளிக்கப்படுகின்றன. அவ்வெள்ளியைக் கொண்டே வாங் லுங் ஹுவாங் குடும்பத்தின் நிலத்திலே முதலாவது துண்டை வாங்குகின்றான். இந்த முதற் கொள்வனவுக்கும் ஓலானே வழிவகுக்கின்றாள். புத்தாண்டின்போது தலைமகனைத் தன் பழைய எசமானிக்குக் காட்டச் சென்றவள், பெருவீட்டிலே பணமுடை ஏற்பட்டுள்ளது, நிலம் விற்கவிருக்கின்றார்கள் என்னும் செய்தியோடு திரும்புகின்றாள். நிலச்சந்தை பற்றிய தகவல் முயற்சியாளனுக்கு முதலீட்டைப் போன்றே இன்றியமையாதது. இங்கு அத்தகவலைக் கொணர்பவள் ஓர் அடிமைப் பெண்ணின் பழைய அறிமுகத்தைப் பயன்படுத்திய மனைவி.

வறட்சி வந்து ஊர் முழுதும் பட்டினி கிடக்கும்போது இவ்வுண்மை மேலும் துலக்கமடைகின்றது. எருதைக் கொல்ல வாங் லுங்கினால் முடியவில்லை. ஓலான் அதைச் செய்கின்றாள். பிறந்த பெண்குழந்தை உயிரோடிராத காட்சியும், அதன் கழுத்திற் காணப்பட்ட அடையாளமும் எவ்வித விளக்கமுமின்றிச் சொல்லப்படுகின்றன. நிலத்தை அற்ப விலைக்கு வாங்க நகரத்தவர் வரும்போது வாங் லுங் வெகுண்டு அழுகின்றான். ஓலானோ நிதானமாக, நிலம் விற்பனைக்கில்லை, மேசையையும் கட்டிலையும் தருவோம் என்று பேரம் பேசுகின்றாள். கலப்பையையும் மண்வெட்டியையும் அவள் விற்க இசையவில்லை. நிலத்தைக் காத்த பெருமையை நாவல் வாங் லுங்கின் உறுதிக்கு அளிக்கின்றது. ஆனால் திரும்பி வந்து மீண்டும் பயிரிடுவதற்கு வேண்டிய கருவிகளைக் காத்தது ஓலானின் கணக்கே.

சுவரில் தளர்ந்த செங்கல்

பஞ்சத்தினின்றும் தப்பிப் புகைவண்டியேறித் தென்திசை நகரத்தை அடையும் குடும்பம், செல்வர் மாளிகையொன்றின் மதிலோரம் பாய்க்குடிசையில் ஒதுங்குகின்றது. ஓலானும் பிள்ளைகளும் பிச்சை எடுக்கின்றனர். வாங் லுங் றிக்சா இழுக்கின்றான். நாவலின் இப்பகுதி தனியே ஆராயத்தக்கது. காலையிலிருந்து இரவுவரை ஓடி ஓடி உழைத்தும் வாங் லுங்கினால் ஊர் திரும்பும் செலவைச் சேர்க்க முடியவில்லை. உழைப்பே ஒருவனை உயர்த்தும் என்னும் கொள்கை உண்மையாயின், அவன் வாழ்வில் மிகக் கடுமையாக உழைத்த இக்காலமே அவனை உயர்த்தியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மகளை விற்றால் ஊர் திரும்பலாம் என ஓலான் கூறும் அளவுக்கு நிலைமை இறங்குகின்றது. உழைப்பின் கொள்கையை நாவல் தன் கைகளாலேயே பொய்ப்பிக்கும் இடம் இது.

அவனை உயர்த்தியது கலகம். பகைப்படை நெருங்கவே நகரத்தில் ஒழுங்கு குலைகின்றது. மக்கள் கூட்டம் மாளிகைக்குள் பாய்கின்றது. அக்கூட்டத்தோடு இழுபட்டுச் சென்ற வாங் லுங், உயிருக்கு அஞ்சி மன்றாடும் கொழுத்த மனிதனொருவனிடமிருந்து பொன்னைப் பெறுகின்றான். அப்பொன்னோடு ஊர் திரும்பி விதையும் எருதும் வாங்குகின்றான். சில காலத்தின் பின், ஓரிரவிலே, ஓலான் மார்பிலே மறைத்து வைத்திருந்த பொதியைக் கண்டுபிடிக்கின்றான், அதனுள்ளே இரத்தினங்கள். சுவரில் ஒரு செங்கல் தளர்ந்திருக்கக் கண்டதாகவும், பெருவீட்டில் வாழ்ந்தவளாதலால் அத்தகைய செங்கலின் பொருளை அறிந்திருந்ததாகவும் அவள் கூறுகின்றாள். அடிமை வாழ்வு அவளுக்குக் கற்பித்த ஒரே செல்வ இரகசியம் அது.

இரத்தினங்கள் பாதுகாப்பற்றவை, நிலமே நிலையானது என்று வாங் லுங் அவற்றை எடுத்துக்கொள்கின்றான். இரண்டு சிறு முத்துகளை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என ஓலான் இரந்து கேட்கின்றாள். அணிவதற்குக்கூட அன்று, எப்போதாவது கையில் வைத்துப் பார்ப்பதற்கு. எஞ்சிய யாவும் ஹுவாங் குடும்பத்தின் நிலங்களாக மாறுகின்றன. வாங் லுங் பெரும் நிலவுடைமையாளனாகும் கணம் இதுவே. அதுவரை இரு கைகளின் உழைப்பாலே துண்டுதுண்டாக வளர்ந்த நிலம், ஒரே கொடுக்கல் வாங்கலில் பன்மடங்காகின்றது.

பேர்ள் பக் இக்காட்சியை எழுதும்போது கேள்வி ஞானத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1927 மார்ச்சில் நாஞ்சிங் நகரில் வெளிநாட்டவர் வீடுகள் சூறையாடப்பட்டபோது, அவரும் குடும்பத்தாரும் ஏழைப் பெண்ணொருத்தியின் குடிசையில் ஒளிந்து உயிர்தப்பினர். சூறையாடப்பட்ட வீட்டின் உள்ளே வாழ்ந்த ஒருவர், நாவலிலே அதே காட்சியை மதிலுக்கு வெளியே பாய்க்குடிசையிலிருந்து நோக்கி எழுதியுள்ளார். சூறையாடியோர் மீது வெறுப்பின்றி அவர் அதனை எழுதியமை அவரது கலைநேர்மைக்குச் சான்றாகும். ஆனால் நேர்மையாகச் சொன்ன உண்மையிலிருந்து பெறப்படும் முடிபை அவர் சொல்லாது விடுகின்றார். பொன்னும் இரத்தினமும் கதையில் ஒரு முறை தோன்றி மறைகின்றன. அதன்பின் நிலமே பேசப்படுகின்றது.

வெள்ளத்தின் பின்

நிலம் பெருகியபின் வாங் லுங் கூலியாட்களை அமர்த்துகின்றான். பஞ்சத்தில் யாவற்றையும் இழந்த அயலவனான ச்சிங் தன் சிறு நிலத்தை விற்று, வாங் லுங்கின் மேற்பார்வையாளனாகின்றான். இருவரும் ஒருவரையொருவர் மனமார நேசிப்பவர்கள். ஒருவன் நிலத்தை இன்னொருவன் விழுங்குவது பகையினால் மட்டுமன்றி நட்பினாலும் நிகழக்கூடும் என்பதை நாவல் நுட்பமாகக் காட்டுகின்றது. ச்சிங் இறந்தபோது தன் குடும்ப மயானத்தின் சுவருக்குள்ளேயே அவனை அடக்கஞ்செய்ய வாங் லுங் விரும்புகின்றான். புதல்வர் மறுக்கவே, சுவரின் வாயிலருகே அடக்கஞ்செய்கின்றான். உழைத்தவனுக்குக் கிடைத்த இடம் வாயில்வரைதான்.

ஓலானின் மறைவுக்குப் பின்னர் பெருவெள்ளமும் அதைத் தொடர்ந்து பஞ்சமும் வருகின்றன. இம்முறை வாங் லுங் பாய்க்குடிசையில் இல்லை. களஞ்சியத்தின் உடைமையாளனாக இருக்கின்றான். வெள்ளம் வடிந்ததும் விதைக்கும் எருதுக்கும் வழியற்ற கமக்காரர் அவனிடம் கடனுக்கு வருகின்றனர். அவன் உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுக்கின்றான். ஈடாக நிலத்தையே கேட்கின்றான். கடன் போதாதவர்கள் நிலத்தின் ஒரு பகுதியை விற்கின்றனர். அவன் மலிவாக வாங்குகின்றான். நிலத்தை விற்க மனமில்லாதவர்கள் தம் பெண்மக்களை விற்கின்றனர். அவர்களிடமிருந்து ஒரே நாளில் அவன் அடிமைச் சிறுமியர் ஐவரை வாங்குகின்றான். பின்னர் ஏழு வயது மதிக்கத்தக்க மெல்லிய சிறுமியொருத்தியையும் வாங்குகின்றான். பேரிப்பூ எனப் பெயர்பெறும் அவளே வளர்ந்து அவனது முதுமைக்காலத் துணையாகின்றாள்.

நாவல் முழுவதிலும் மிகக் கொடுமையான பக்கங்கள் இவையே. ஆனால் வாசகர் பலர் இவற்றைக் கவனியாமலே கடந்துவிடுகின்றனர். பஞ்சத்திலே நிலத்தை விற்க மறுத்ததற்காக அதே வாசகர் வாங் லுங்கைப் போற்றியவர்கள். இங்கும் நிலத்தை விற்க மறுக்கும் குடியானவர் இருக்கின்றனர். அவர்கள் கொடுத்த விலை மகள். அன்று நகரத்தவர் வாங் லுங்கின் வாசலுக்கு நிலம் கேட்டு வந்தனர். இன்று அவர்களது இடத்தில் அவனே இருக்கின்றான். அன்று பஞ்சத்தில் விற்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி அவன் மனைவியானாள். இன்று பஞ்சத்தில் விற்கப்படும் சிறுமியரை அவன் வாங்குகின்றான். ஓலானின் கதை மீண்டும் தொடங்குகின்றது; இம்முறை அவளை வாங்கும் பெருவீடு அவனுடையது.

ச்சிங்கின் மறைவை அடுத்து நிலங்கள் குத்தகைக்கு விடப்படுகின்றன. விளைவிற் பாதி நிலத்துக்கு உடையவனுக்கு; மறுபாதி உழைத்தவனுக்கு. மூத்த மகனின் தூண்டுதலால் வாங் லுங் ஹுவாங் பெருவீட்டிலேயே குடியேறுகின்றான். மணமகனாய் வாயிலில் நடுங்கி நின்றவன், அபின் புகைத்தபடி முதிய எசமானி வீற்றிருந்த இருக்கையிலே அமர்ந்து பார்க்கின்றான். நாவல் வெளியாகி இரண்டாண்டுகளின் பின், 1933இல், கிராமப்புற வர்க்கங்களை வேறுபடுத்தும் முறை பற்றி மா சேதுங் எழுதியபோது, நிலமுடையவன், பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி, தொழிலாளி எனப் பாகுபடுத்தினார். வாங் லுங்கின் வாழ்வு, நகரத்துக் கூலி வாழ்வு உட்பட, இப்பாகுபாட்டின் எல்லாப் படிகளையும் ஏறியிறங்கியது எனலாம். 1950ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் முன் அவன் வழித்தோன்றல்கள் நிலமுடையோர் என்றே குறிக்கப்பட்டிருப்பர். அச்சீர்திருத்தம் நிலமற்ற கோடிக்கணக்கானோருக்கு நிலம் வழங்கிற்று. பெருந்தொகையானோரின் உயிரையும் பலிகொண்டது. மனிதனை ஒரு பெயர்ப்பட்டியலுள் அடக்குவதன் ஆபத்தையும் அவ்வரலாறு உணர்த்துகின்றது. எனவே வாங் லுங்குக்கு ஒரு வர்க்கப் பெயரைச் சூட்டுவதோடு விமர்சனத்தின் கடமை முடிந்துவிடாது.

வாங் லுங்கின் பங்கு

வாங் லுங்கைக் கொடியவனாக்குதல் நாவலுக்கு நீதி செய்வதாகாது. அவன் சோம்பேறியல்லன், முற்பகுதியில் அவனது உழைப்பு மெய்யானது. மகளை விற்று ஊர் திரும்ப அவன் மனம் ஒப்பவில்லை. பட்டினியால் மூளை வளர்ச்சி குன்றிய அம்மகளை அவன் இறுதிவரை அருகிருத்திப் பேணுகின்றான். நல்ல ஆண்டுகளிலே தீய ஆண்டுகளுக்கெனத் தானியம் சேமிக்கும் முன்யோசனை அவனிடம் உண்டு. வெட்டுக்கிளிகள் வானை மறைத்து வந்தபோது, விதியே என்றிருந்த அயலவரை விட்டு, நெருப்பு மூட்டியும் அகழி தோண்டியும் தன் நல்ல வயல்களைக் காக்கின்றான். இவை யாவும் முயற்சியுடைய ஒருவனுக்குரிய பண்புகளே.

ஆனால் இப்பண்புகள் அவனுக்கு மட்டும் உரியனவல்ல. ச்சிங்கும் உழைத்தான், ச்சிங்கும் மண்ணை நேசித்தான். அவன் மனைவி பஞ்சத்தில் மடிந்தாள். மகளை ஒரு படைவீரனுக்குக் கொடுத்தான். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு உழைப்பிலோ ஒழுக்கத்திலோ இல்லை. ஒரு செங்கலிலேயே உள்ளது. ச்சிங்கை வாங் லுங்கின் அருகிலேயே நாவலாசிரியை நிறுத்தி வைத்தமை தற்செயலாயினும் அன்றாயினும், தன் முயற்சியால் உயர்ந்தவன் என்னும் கருத்துக்கு அப்பாத்திரமே மறுப்பாக அமைகின்றது. முயற்சி வேண்டியதுதான், ஆனால் முயன்றோர் யாவரும் உயர்ந்தாரில்லை. உயர்ந்தவனின் கதையிலிருந்து முயற்சியை மட்டும் பிரித்தெடுத்து மற்றவற்றை மறப்பது, முயன்றும் வீழ்ந்தவர்களைக் குற்றவாளிகளாக்குவதாகும்.

மண்ணும் பெண்ணும்

இவ்வளவு சான்றுகள் நாவலுக்குள்ளேயே இருக்க, அவை வாசகர் கண்ணிற் படாது போவதேன்? முதற் காரணம் கதை சொல்லும் முறை. படர்க்கையில் அமைந்த இக்கதை எப்போதும் வாங் லுங்கின் உள்ளத்தை ஒட்டியே நகர்கின்றது. ஓலானின் உள்ளத்துள் அது நுழைவதில்லை. அவன் மறந்தவற்றை நாவலும் மறக்கின்றது. விவிலியத்தின் நடையை நினைவூட்டும் நீண்ட, தாழ்குரல் வாக்கியங்கள், விதைப்பும் அறுப்பும் போலவே வட்டிக்குக் கொடுத்தலும் சிறுமியரை வாங்குதலும் காலச்சுழற்சியின் இயல்பான நிகழ்ச்சிகள் என்னும் மயக்கத்தைத் தருகின்றன. மழை பெய்தது, வெள்ளம் வந்தது, கடன் கொடுத்தான் என்று ஒரே சுருதியில் ஒலிக்கும்போது, மூன்றாவது செயல் மனிதச் செயல் என்பது மங்கிவிடுகின்றது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அது பெண்ணை மண்ணாகக் காணும் மரபு. 1937இல் வெளியான திரைப்படத்தில், வாங் லுங் முத்துகளை ஓலானிடம் திருப்பிக் கொடுக்கின்றான். அவள் இறந்ததும் அவளே மண் என நெகிழ்ந்து கூறுகின்றான். ஓலானாக நடித்த லூயிஸ் றெயினர் அதற்காக ஒஸ்கார் பரிசு பெற்றார். வாசகரும் பார்வையாளரும் இவ்வொப்புமையை விரும்பி ஏற்றனர். தமிழ் வாசகருக்கும் இது புதிதன்று. உடையவன் சென்று பாராவிடின் நிலம் மனைவியைப் போல ஊடும் எனத் திருக்குறளின் உழவு அதிகாரம் கூறும். அங்கே நிலத்துக்குப் பெண்ணின் உரிமைக்குரல், ஊடும் உரிமை, அளிக்கப்படுகின்றது. ஆனால் பெண்ணைப் பூமாதேவி எனப் போற்றும் வழக்கிலே நிகழ்வது இதன் மறுதலை. பெண்ணுக்கு நிலத்தின் மௌனம் அளிக்கப்படுகின்றது. மண் கூலி கேட்பதில்லை. ஒருத்தியை மண் என்றழைப்பது, அவளுக்குக் கொடுக்க வேண்டியது எதுவுமில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறையாகவும் அமைந்துவிடக்கூடும்.

நாவல் திரைப்படத்தைவிட நேர்மையானது. நாவலில் முத்துகள் திரும்பி வருவதில்லை. தேநீர்ச்சாலைப் பெண்ணான தாமரையின் மோகத்திலே மூழ்கிய வாங் லுங், குளத்தருகே துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஓலானிடம் முத்துகளைக் கேட்கின்றான். இளைய மகளின் திருமணத்துக்கு வைத்திருக்க எண்ணியதாக அவள் சொல்கின்றாள். மண்போலக் கறுத்த தோலுடையவளுக்கு முத்து எதற்கு, முத்து அழகியர்க்குரியது என்கின்றான் அவன். அவள் கொடுத்துவிட்டுத் துவைப்பதைத் தொடர்கின்றாள். கண்ணீர் மெல்ல விழுகின்றது. வாழ்நாள் முழுதும் மண்ணை வழிபட்டவன், தன் மனைவியை இழிவுபடுத்த நாடிய உவமை அந்த மண்ணே. மண்ணை நேசித்தல் என்பது அதில் உழைத்தவரை நேசித்தல் ஆகாது என்பதை இதைவிடக் கூர்மையாக வேறெந்தக் காட்சியும் உணர்த்தவில்லை.

நோயுற்ற ஓலானைக் குணப்படுத்த ஐந்நூறு வெள்ளி கேட்கின்றான் வைத்தியன். நிலத்தை விற்றாவது கொடுப்பேன் என வாங் லுங் சொல்கின்றான். ஓலானோ, தன் உயிர் அவ்வளவு பெறாது, அத்தொகைக்கு நல்ல நிலம் ஒன்று வாங்கலாம் என மறுக்கின்றாள். வாங் லுங்கின் கொள்கையை அவள் அவனைவிட நன்றாகக் கற்றிருந்தாள். அதனைத் தன்மீதே பிரயோகித்தாள். இது தியாகம் எனப் போற்றப்படுவதுண்டு. ஒரு வாழ்நாள் முழுதும் விலை பேசப்பட்ட ஒருத்தி தனக்குத் தானே இட்ட விலை என்பதே பொருத்தமான வாசிப்பாகும்.

முடிவில் ஒரு புன்முறுவல்

நாவலின் இறுதிக் காட்சியில், மண்வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட முதிய வாங் லுங், நிலத்தை விற்பது பற்றிப் புதல்வர் பேசிக்கொள்வதைக் கேட்கின்றான். நிலத்தை விற்கத் தொடங்கும்போது குடும்பத்தின் முடிவும் தொடங்குகின்றது என அழுகின்றான். அவர்கள் இருபுறமும் தாங்கி, விற்கமாட்டோம் எனத் தேற்றுகின்றனர். அவனது தலைக்கு மேலாக ஒருவரையொருவர் நோக்கிப் புன்முறுவல் செய்கின்றனர்.

இப்புன்முறுவல் நன்றியற்ற மைந்தரின் துரோகமாகவே வழமையாக விளக்கப்படுகின்றது. ஆயின் அவர்கள் தந்தையிடம் கற்றதையே செய்கின்றனர். தந்தைக்கு முத்து எப்படியோ அப்படியே மைந்தருக்கு நிலம். வேறொன்றாக மாற்றத்தக்க பொருள். இரத்தினத்தை நிலமாக்க முடியுமாயின் நிலத்தை வெள்ளியாக்கவும் முடியும். பரம்பரை நிலத்தை விற்ற ஹுவாங் குடும்பத்தின் வீழ்ச்சியே வாங் லுங்கின் எழுச்சிக்கு வாயிலாயிற்று. நிலம் விற்பனைக்குரியதன்று என அவன் சொல்லும் ஒவ்வொரு முறையும், விற்கப்பட்ட நிலத்தின்மீது நின்றே சொல்கின்றான்.

‘நல்ல நிலம்’ குறைபாடுகளுடைய நாவலாயினும் பெருநாவல் என்பதற்குக் காரணம், தன் நாயகனின் கொள்கையை ஏற்றுப் பேசும் வேளையிலேயே அதற்கு மாறான சான்றுகளை மறைக்காது பதிவுசெய்துள்ளமையாகும். மண்ணின் புகழைப் பாடும் அந்நாவலுக்குள்ளே, பெண்ணின் உழைப்பும், பிறர் வீட்டுப் பொன்னும், அயலவரின் பட்டினியும் எவ்வாறு நிலமாக உறைந்தன என்னும் இன்னொரு கணக்கேடு திறந்தே கிடக்கின்றது. அதனை வாசிப்பது விமர்சகனின் வேலை.

பள்ளி ஆசிரியர் தந்தையின் தொழிலை மட்டுமே விசாரித்தார். தாயைப் பற்றி விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அவருக்கு வேறொரு பெயர் தோன்றியிருக்கலாம். தன்னைத் தானே ஆக்கிக்கொண்டவன் எனப் புகழப்படும் ஒவ்வொரு செல்வனின் கதையிலும், கேட்கப்படாத அவ்விரண்டாவது வினா எஞ்சியே நிற்கின்றது.